கப்பல் மாப்பிள்ளையும் மறியல் மாமனாரும்

"கடக்கரைன்னா எந்தக் கடக்கரைய்யா? அத மொதல்ல சொல்லு" என்றார் வீரமுத்து.

தரகர் பாவாடை வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார். "பாண்டிச்சேரி டவுன்லயே ஒண்ணு இருக்குது. வடக்கால போனா காலாப்பட்டு. தெக்கால வீராம்பட்டினம். இன்னும் தெக்க எறங்கினா கடலூர்ல தேவனாம்பட்டினம். நீங்க எதச் சொன்னாலும் மாப்ள வந்துடுவாரு."

கச்சிராயபாளையத்தில் அந்த வீட்டார் பார்த்த பெரிய தண்ணீர் கோமுகி அணைதான். அவர்களிடம் நாலு கடற்கரையை நீட்டி ஒன்றை எடுத்துக்கொள் என்றால் என்ன செய்வார்கள்?

"எந்தக் கரையில நெழல் இருக்கும்?" என்று கேட்டாள் வீரமுத்துவின் மனைவி சின்னப்பொண்ணு. "பொண்ணு வெயில்ல கருத்துப் போயிடும்."

மாப்பிள்ளை அரங்கநாதன் வெள்ளைக்காரர்கள் உல்லாசமாக ஊர் சுற்றும் கப்பலில் சமையல்காரர். அந்தக் கப்பல் வரும் புதன்கிழமை பாண்டிச்சேரிக்கு எதிரே ஒரு பகல் நிற்கும். வெள்ளைக்காரர்கள் படகில் இறங்கி ஊர் பார்ப்பார்கள். மாப்பிள்ளைக்கும் கரையில் இறங்க அனுமதி உண்டு. ஆனால் பொழுது சாய்வதற்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்குள் கச்சிராயபாளையம் வந்து பெண் பார்த்துவிட்டுப் போக அவருக்கு இறக்கையா இருக்கிறது? பெண்ணைத்தான் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

மகள் பூங்காவனத்துக்கு வயது இருபத்தைந்து. பெற்றவர்கள் ஒன்றிரண்டு குறைத்துச் சொன்னாலும் தெரு சரியாகக் கணக்கு வைத்திருந்தது. ஏற்கெனவே மூன்று பேர் வந்து பார்த்தாகிவிட்டது. ஒருவன் உயரம் என்றான், ஒருவன் குள்ளம் என்றான், மூன்றாமவன் கேசரியை இரண்டு தரம் வாங்கித் தின்றுவிட்டு ஒன்றும் சொல்லாமலே போனான். இப்போது சங்கராபுரத்தில் பெண்டாட்டியை இழந்த செல்லமுத்து என்கிற மளிகைக் கடைக்காரர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வெள்ளிக்கிழமை பதிலுக்குக் காத்திருந்தார். கப்பல் தவறினால் மளிகைக் கடை. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது, பூங்காவனத்துக்கு இன்னும் நன்றாகவே தெரியும்.

"டவுன் கரை வாணாம்" என்றாள் சின்னப்பொண்ணு. "வழியெல்லாம் பிராந்திக் கடையாம். இவர இட்டுக்கினு அந்தப் பக்கம் போனா, மாப்ள பொண்ணப் பாக்கறதுக்குள்ள நாம இவரத் தேடிக்கினு நிக்கணும்."

வீரமுத்து அது காதில் விழாதவர்போல, "காலாப்பட்டு?" என்றார்.

"புதங்கெழம வடக்க சூலம்."

"தேவனாம்பட்டினம்?"

"கடலூர்லதான உங்க தங்கச்சி இருக்கறா? பொண்ணு வூட்டார் மாப்ளயத் தேடிப்போன கதைய விடியறதுக்குள்ள ஜில்லா பூரா சொல்லிடுவா."

மிச்சம் வீராம்பட்டினம். பக்கத்திலேயே அம்மன் கோயில் இருந்தது. யார் கேட்டாலும் சாமி கும்பிட வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். முடிவாயிற்று.

அப்புறம்தான் வீரமுத்துவுக்கு ஒன்று உறைத்தது. "பாவாட, புதங்கெழமன்னா சொன்ன? அன்னிக்கி மறியலாச்சே!"

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராய் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு மறிக்கும் காலம் அது. கள்ளக்குறிச்சிக் கூட்டத்தில் நாள் குறித்தபோது மேடையேறி மைக்கைப் பிடித்தவர் சாட்சாத் வீரமுத்துவேதான். "ஒரு மாட்டுவண்டி நகரக் கூடாது! காக்கா பறந்தாக்கூட எறக்கி நடக்க வெய்யுங்க!" என்று முழங்கி, சோடா வாங்கிக் குடித்து, மாலையோடு வீட்டுக்கு வந்திருந்தார். அந்த மாலை இன்னும் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"கப்பல்காரங்கிட்ட போயி மறியல்னு சொல்ல முடியுமாண்ணே?" என்றார் பாவாடை. "மரம் வுழறதுக்கு முன்ன கெளம்பிடுவோம்."

கெளம்பியிருக்கலாம். ஆனால் புதன்கிழமை காலை அய்யப்பனின் வாடகை அம்பாசிடர் வாசலில் வந்து நின்ற பிறகு சின்னப்பொண்ணு ஜமுக்காளம் தேடினாள், அது கிடைத்ததும் அதிரசத் தூக்கைத் தேடினாள், பிறகு பூங்காவனத்தின் கல் தோட்டைக் கழற்றி வேறு தோடு போட்டாள். எதிர்வீட்டு ராஜாம்பாள் வாசல் பெருக்கும் சாக்கில் ஒரே இடத்தைப் பெருக்கிக்கொண்டே நின்றாள்.

"குடும்பத்தோட எங்க அண்ணே?"

"கோயிலுக்கு."

"கோயிலுக்கா பட்டுப்பொடவ, அதிரசம், தரகரு?"

கார் புறப்பட்டது.

தியாகதுருகத்தில் ஒரு புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்தது. அதன்மேல் சுப்புராயன் தலைமையில் இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வீரமுத்து தலையைக் குனிந்துகொண்டார். பிரயோஜனமில்லை.

"டேய், நம்ம கச்சிராயபாளையத்து அண்ணன்டா!" என்று சுப்புராயன் குதித்து இறங்கினான். "இன்னாண்ணே இந்நேரத்துல?"

"உங்களயெல்லாம் பாத்துட்டுப் போலாம்னுதான்" என்றார் வீரமுத்து.

"குடும்பத்தோடயா?"

"போராட்டம்னா குடும்பமே வரணுமில்ல?"

சொன்னதுதான் தாமதம். கைதட்டல் எழுந்தது, துண்டு போர்த்தினார்கள், மரத்தின்மேல் ஏற்றிப் பேசச் சொன்னார்கள். நாலு வார்த்தை பேசிவிட்டு நைசாக நழுவலாம் என்றுதான் அவர் ஏறினார். ஆனால் கூட்டத்தைக் கண்டால் அவர் வாய் அவர் பேச்சைக் கேட்காது. "இந்த ஒரு மரம் பத்துமா?" என்று கேட்டுவிட்டார். கூட்டம் "பத்தாது!" என்றது. அவர் இறங்குவதற்குள் காருக்குப் பின்னால் இன்னொரு மரம் சாய்ந்தது.

முன்னால் ஒரு மரம், பின்னால் ஒரு மரம், நடுவில் அம்பாசிடர். சின்னப்பொண்ணு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பேசுங்க, நல்லாப் பேசுங்க. உங்க மவள மளிகக் கடைக்கிப் பேசி முடிச்சிட்டுத்தான் எறங்குவீங்க."

வேறு வழியில்லாமல் வீரமுத்து சுப்புராயனைத் தனியாக அழைத்து உண்மையைச் சொன்னார். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"ஒரு மாப்ள தள்ளிப்போனா இப்பிடிப் பதர்றீங்க. எந்தம்பி பி.ஏ. முடிச்சிட்டு வருசக்கணக்கா கரும்பு வெட்டப் போய்க்கினு இருக்கறான். அதுக்குத்தானண்ணே ரோட்டுல உக்காந்திருக்கறோம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "வேற யாருனா இருந்தா வுட்டுடுவேன். உங்கள வுட்டா, மைக்குல நீங்க சொன்ன சொல்லுக்கு இன்னாண்ணே மரியாத?"

வீரமுத்து தோளில் போர்த்திய துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பி.ஏ. தம்பியை நினைத்து ஒரு பக்கம் வெட்கமாகக்கூட இருந்தது. கடைசியில் சுப்புராயனே மனமிரங்கி, "வந்த வழியே திரும்பிப் போறதுன்னா போங்க" என்று ஆட்களை விட்டு, காரை ஏரிக்கரைப் பாதையில் இறக்கித் தள்ளிவிட்டான்.

"சங்கராபுரம் ரோட்டுல போயி திருக்கோயிலூரப் புடிச்சிடலாம்" என்றான் டிரைவர் அய்யப்பன். "யாருனா நிறுத்தினா, பாப்பாவுக்கு வயித்துவலின்னு சொல்லிடுங்க. நோயாளிய வுட்டுடுவாங்க."

நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. அடுத்த மரம் வந்ததும் பூங்காவனம் அம்மா மடியில் சாய்ந்து முனகினாள். முகத்தில் பவுடரும் தலையில் முழம் முழமாய் மல்லிகையுமாக அத்தனை அழகான நோயாளியை அந்த ரோடு பார்த்திருக்காது.

மறியல்காரர்கள் தங்கமானவர்கள். நோயாளி என்றதும் பதறிப்போனார்கள். "ஐயோ, ஆஸ்பத்திரிய வுட்டுட்டு இந்தப் பக்கம் எங்க போறீங்க? திருப்புப்பா வண்டிய!" என்று இரண்டு பேர் முன்சீட்டில் ஏறிக்கொண்டு, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். இறக்கியதோடு விடாமல் உள்ளே போகும்வரை கூடவே நின்றார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கினார். வலிக்கவில்லை என்று சொன்னால் வெளியில் நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடும். வலிக்கிறது என்று சொன்னாள், ஊசி போட்டார்கள்.

"மாப்ளகிட்ட சொல்லுங்க தரகரே, பொண்ணு எதையும் தாங்கும்னு" என்றாள் பூங்காவனம் கையைத் தேய்த்துக்கொண்டே.

"மலை வழி ஒண்ணு இருக்குதுண்ணே" என்றார் பாவாடை. "கல்வராயன் மேல ஏறி, வெள்ளிமலை தாண்டி அந்தப் பக்கம் எறங்கினா மூங்கில்துறைப்பட்டு. அங்கேர்ந்து திருவண்ணாமலை, திண்டிவனம், பாண்டி. மலைமேல எவன் மரம் வெட்டப் போறான்?"

கடலுக்குப் புறப்பட்டவர்கள் மலையேறினார்கள். மலைக்குப் போக வேண்டுமானால் மறுபடி கச்சிராயபாளையத்தைத் தாண்டித்தான் போகவேண்டும், அதுவும் சொந்தத் தெரு வழியாக. ராஜாம்பாள் இன்னும் பெருக்கி முடிக்கவில்லை.

"அதுக்குள்ள சாமி கும்புட்டாச்சா?"

சின்னப்பொண்ணு கார்க் கண்ணாடியை ஏற்றினாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது.

கொண்டை ஊசி வளைவுகளில் அம்பாசிடர் கிழவன்போல இருமியது. காலையில் நடித்த வயிற்றுவலி பூங்காவனத்துக்கு இப்போது நிஜமாகவே வந்தது. வாந்தியில் பட்டுப்புடவை முந்தானை போயிற்று. ஒரு வளைவில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். கீழே சமவெளி வெயிலில் விரிந்து கிடந்தது.

"அதோ நீலமாத் தெரியுதே, அதான் கடலா?" என்று ஆசையாகக் கேட்டாள் சின்னப்பொண்ணு.

"அது நம்ம டேம்மு" என்றார் வீரமுத்து. விடிந்ததிலிருந்து ஓடி ஓடி, கடலிலிருந்து இன்னும் தூரமாகத்தான் வந்திருந்தார்.

வெள்ளிமலையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த மலைக்காரரிடம், "இங்கல்லாம் மறியல் இல்லியா?" என்று கேட்டார்.

"மறிக்கறதுக்கு வண்டி வேணுமில்லீங்க? எப்பவோ ஒரு பஸ் வரும். அதுவும் இன்னிக்கி வரல."

அந்தப் பக்கம் இறங்கியபோது சாப்பாட்டு வேளை. மறியல்காரர்கள் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள், போலீஸ்காரர்களும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அய்யப்பன் கரும்பு வண்டித் தடங்களில் புகுந்து புகுந்து ஓட்டினான். திருவண்ணாமலை போயிற்று, செஞ்சி போயிற்று. திண்டிவனத்தில் டயர் போயிற்று. பாண்டிச்சேரி எல்லையைத் தொட்டபோது சூரியன் அவர்களுக்கு முதுகுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

"கூட்டத்துல பேசினதுக்கு இதான் கூலி" என்று வழியெல்லாம் சின்னப்பொண்ணு ஓதிக்கொண்டே வந்தாள். வீரமுத்து ஒன்றும் பேசவில்லை. இதுநாள்வரை அவர் பேசாமல் இருந்து அந்தத் தெருவே பார்த்ததில்லை.

வீராம்பட்டினத்தில் மணலைக் கண்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினார். தூரத்தில் வரிசை வரிசையாய் விளக்குப் போட்ட ஒரு வீடு மெதுவாகத் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. அதுதான் கப்பல்.

வீரமுத்து அப்படியே மணலில் உட்கார்ந்தார். துண்டை வாயில் வைத்து அழுதார். பாவாடை தூரமாய்ப் போய் வெற்றிலை துப்பினார். பூங்காவனம் மட்டும் யாரையும் பார்க்காமல் நேரே போய், பாழான பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றாள். தண்ணீர் வந்து காலடி மணலை உருவிக்கொண்டு போனதும் "யம்மா!" என்று கத்திச் சிரித்தாள். அன்றைக்கு அந்தக் குடும்பத்தில் கேட்ட ஒரே சிரிப்பு அது.

கரையோரம் கொட்டாய் போட்டிருந்த டீக்கடைக்காரி ஒரு கிளாஸ் டீயோடு வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முகம் நிறைய இரக்கம்.

"கச்சிராயபாளையத்துலேர்ந்து பொண்ணு கொண்டாறவங்க நீங்கதானாண்ணே? அவரு ரொம்ப நேரம் பாத்தாரு. எங்கடையிலதான் உக்காந்துக்கினு ரோட்டையே பாத்துக்கினு இருந்தாரு."

வீரமுத்து துண்டை வாயிலிருந்து எடுத்தார். "மாப்ள கோவமாப் போனாரா தாயீ? நேரத்துக்கு வராத குடும்பம், இந்தப் பொண்ணு வாணாம்னு எதுனா சொன்னாரா?"

"சேச்சே!" என்றாள் அவள், டீ கிளாஸை அவர் கையில் பொருத்தி. "அழுவாதீங்கண்ணே, அடுத்த தபா கப்பல் நிக்கும்போது நேரத்தோட பொண்ண இட்டுக்கினு வாங்க, இதுவரைக்கும் இந்தக் கரைக்கி வந்த எந்தப் பொண்ணையும் எங்க வூட்டுக்காரரு வாணாம்னு சொன்னதே இல்ல."