மலை மேல் ஆந்தை

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு வெளியே போவதில்லை என்று வெள்ளிக்கிழமையே முடிவு செய்துவிட்டேன். பெரிய முடிவுகளை நான் ரயிலில் நின்றுகொண்டுதான் எடுப்பேன். உட்கார இடம் கிடைத்தால் தூங்கிவிடுவேன்.

மார்ச் கடைசியிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வரவே இல்லை. ஜப்பானில் நாங்கள் இருக்கும் சைதாமாவில் வசந்தம் வந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். பூ வரும், மகரந்தப் பொடி வரும், என் மனைவி பூரணியின் பிக்னிக் பை வரும். போதாததற்கு எங்கள் ஊர் ரயில்காரர்கள் குழந்தைகளுக்கு ஒரு போட்டி வைத்திருந்தார்கள். ஆறு ஸ்டேஷன்கள், ஸ்டேஷனுக்கு ஒரு மிருகம் போட்ட சீல். ஆறையும் ஒரே சீட்டில் குத்திக்கொண்டு போனால் ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி பரிசு. என் மகள் நறுமுகை அந்தத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டுதான் ஒன்றாம் வகுப்புக்குப் போவேன் என்று சொல்லி, பிறகு பெரிய மனது பண்ணி, இல்லாமலே போய்க்கொண்டிருந்தாள்.

முயல் சீலுக்காகச் செர்ரி மரங்களின் கீழ் உட்கார்ந்தோம். மூன்று வயது அதியன் பூ இருக்கும்வரை தூங்கினான். கிளம்பும்போது எழுந்து பூ எங்கே என்று அழுதான். ஆமை சீலுக்காகத் துலிப் தோட்டத்துக்குப் போனோம். அங்கே அவன் ஒரு துலிப்பைக் கடித்துவிட்டான். தோட்டக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். என்னை மன்னிப்புக் கேட்கவைத்ததற்காக அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டு பேரும் குனிந்து நிமிர்ந்து முடிப்பதற்குள் அவன் இரண்டாவது பூவைத் தின்றுவிட்டான்.

இப்படி ஐந்து சேர்ந்துவிட்டது. மிச்சம் ஆந்தை. அது கடைசி ஸ்டேஷனில். இரண்டு இடத்தில் ரயில் மாற வேண்டும். இறங்கினால் எதிரே ஒரு மலை, மேலே ஒரு சிறிய கோயில். ஞாயிற்றுக்கிழமையோடு போட்டியும் முடிகிறது.

"நாளைக்கு எனக்கு அந்தப் பக்கம்தான் ஆபீஸ் வேலை," என்று வெள்ளி இரவு சொன்னேன். "வர்ற வழியில நானே சீல் குத்திட்டு வந்துடறேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்ல நிம்மதியா இருக்கலாம்."

"சனிக்கிழமை ஆபீஸா?" என்றாள் பூரணி.

"திடீர்னு."

"அப்பா குத்தினா செல்லுமா?" என்றாள் நறுமுகை.

"அப்பா கை பெரிய கை. நல்லாப் பதியும்."

பூரணி சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அதன் பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. இந்த ஊரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஜப்பானிய மொழி பேசுவேன். படிப்பது பூரணியின் இலாகா.

ஆபீஸ் வேலை உண்மை இல்லை. ஆனால் அந்தக் கடைசி ஸ்டேஷனுக்கு நான் மட்டுமாவது போவதாகத்தான் முதலில் நினைத்தேன். சனிக்கிழமை காலை கிளம்பும்போது கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் குரோகாவா-சானைப் பார்த்தது விதி. எங்கள் கட்டடத்திலேயே தரைத்தளத்தில் இருக்கிறார். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். என் பெயர் சண்முகம் அவர் வாயில் நுழையாது. பாதியை வெட்டி, மரியாதைக்கு இங்கே எல்லோருக்கும் சேர்க்கும் 'சான்' சேர்த்து, 'ஷான்-சான்' என்று கூப்பிடுவார். தினமும் பூஜை மணி அடிப்பது போல இருக்கும்.

"கடைசி ஸ்டேஷனுக்கா?" என்றார். "என் பொண்ணு சின்னவளா இருந்தப்ப அந்த மலைக்குப் போயிருக்கேன். முதுகுல குழந்தை, கழுத்துல பை, கையில பொண்டாட்டி."

"கையிலயா?"

"கையைப் பிடிச்சுக்கிட்டா. நான் பாதியில ஓடிடுவேன்னு."

"ஒரு சீலுக்காகப் போகணும், குரோகாவா-சான். ஒரே ஒரு சீல்."

"சீல்தானே. ஸ்கூல்ல நாங்க உருளைக்கிழங்குல செய்வோம். புது வருஷக் கார்டுக்கு."

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். சமையலறை காலி. போட்டியின் போஸ்டரை முந்தின நாள்தான் எங்கள் ஸ்டேஷனில் போனில் படம் எடுத்திருந்தேன். முதல் கிழங்கில் ஆந்தை வரவில்லை, என் மாமனார் வந்தார். அவரை இரண்டாக வெட்டினோம். இரண்டாவது கிழங்கில் ஒரு பூனை வந்தது. மூக்கைக் கொஞ்சம் கூர்மையாக்கியதும் அது தன் நிலையை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தது.

"காது நீளமாயிடுச்சு, ஷான்-சான்."

"ஆந்தைக்குக் காது உண்டா?"

"போஸ்டர்ல இருக்கு."

"அப்ப இருக்கட்டும்."

பழுப்பு மையும் அவர் வீட்டிலேயே கிடைத்தது. குத்தினேன். ஒரு கண் கொஞ்சம் வழிந்தது. மற்றபடி மறுக்க முடியாத பறவை.

"கிழங்கை இங்கயே போட்டுடலாமா?" என்று கேட்டேன்.

குரோகாவா-சானின் முகம் மாறியது. "வேண்டாம். திங்கட்கிழமைக் குப்பையை அவதான் கட்டுவா. கண்ணாடிப் பை. ஆந்தை வெளியே பார்க்கும்."

எனவே கிழங்கை டிஷ்யூ காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். நூலகத்துக்குப் போய், பெரிய புத்தகமாக ஒன்றை எடுத்துத் திறந்து வைத்து அதன் மேல் தூங்கினேன். சாயங்காலம் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் குப்பைத்தொட்டி தேடினேன். இந்த நாட்டில் குற்றம் செய்வது சுலபம். தடயத்தைப் போடத்தான் ஒரு தொட்டி கிடையாது.

கதவைத் திறந்ததும் பூரணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அங்கயே நில்லுங்க. கோட்டைக் கழட்டுங்க. மரத்துப் பொடி உள்ள வரக் கூடாது. அதியன் ராத்திரியெல்லாம் தும்முறான்."

வசந்தம் முழுக்க இது தினமும் நடப்பது. கோட்டை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்ப் பிரஷ்ஷால் தட்டினாள். திரும்பி வந்து சீட்டை வாங்கிப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கே," என்றாள்.

நறுமுகை எட்டிப் பார்த்தாள். "அப்பா, ஆந்தை அழுவுது."

"மலையில குளிர்."

"ஆமாங்க," என்றாள் பூரணி. "சீலை மலை மேல கோயில்லதானே வெச்சிருந்தாங்க?"

எனக்குத் தெரியாது. ஆனால் அவள் அப்படித்தான் கேட்டாள்.

"ஆமா. மேலதான்."

"ஏகப்பட்ட படி இருக்குமே."

"ஏன் கேக்கற. முட்டி கழண்டு போச்சு."

"எந்த முட்டி?"

யோசித்து, வலது என்றேன். வலிக்கு ஒட்டும் மருந்துப் பட்டை ஒன்றைப் பிரித்து ஒட்டிவிட்டாள். வலிக்காத முட்டியில் அதை ஒட்டினால் எவ்வளவு சில்லிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

படுக்கப் போகும் முன் கோட்டுப் பையைத் துழாவினேன். காலி. வழியில் எங்கேயோ விழுந்திருக்கிறது. காக்காய் தூக்கியிருக்கும். இந்த ஊர்க் காக்காய்கள் கெட்டிக்காரக் காக்காய்கள். மனதுக்குள் அவற்றுக்கு நன்றி சொல்லிவிட்டு, நிம்மதியாக, ஒரு முட்டி மட்டும் விறைத்துத் தூங்கினேன்.

காலையில் நான் சோபாவில் உடம்பை நீட்டி முடிப்பதற்குள் பூரணி பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.

"எங்கே?"

"தொப்பி வாங்க. கடைசி ஸ்டேஷன்லதான் குடுக்கறாங்களாம். சீட்டுக்குப் பின்னாடி போட்டிருக்கு."

"தபால்ல அனுப்ப மாட்டாங்களா?"

"ரயில் ஓட்டறவங்க எதுக்குங்க தபால் போடணும்? இன்னிக்குத்தான் கடைசி நாள். எழுந்திருங்க."

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. தூக்கம் வரவில்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் இருப்பார். என் மகள் இரண்டு கையாலும் சீட்டை நீட்டுவாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் ஆந்தையைப் பார்ப்பார். இந்த ஊரில் யாரும் கத்த மாட்டார்கள். 'சற்றுப் பொறுங்கள்' என்று சொல்லி இன்னொருவரைக் கூட்டி வருவார். அவர் இன்னொருவரை. வரிசையாக நின்று வருத்தப்படுவார்கள். நறுமுகை அவர்களையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்ப்பாள். அந்தக் கடைசிப் பார்வைதான் எனக்குத் தாங்காது.

இறங்கியதும் நான் ஓடிப் போய்க் கழிவறையில் முகத்தைக் கழுவினேன். திரும்பி வந்தபோது பூரணி ஸ்டேஷன் வாசல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு பண்ணுங்க," என்றாள். "தொப்பி கவுன்ட்டர் மத்தியானம்தான் திறப்பாங்களாம். நீங்கதான் நேத்து ஏறின ஆளாச்சே, வழி தெரியும். பிள்ளைங்களை மேல கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வாங்க. சாப்பாடு பையில இருக்கு. நான் இங்கயே ஒரு டீ குடிச்சிட்டிருக்கேன்."

எனக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. மேலே போனால் நிஜ சீல். என் ஆந்தை மேலேயே அதை அழுத்திக் குத்தினால் எல்லாம் மூடிப்போகும். குற்றம் நடந்த இடத்திலேயே குற்றத்தைக் கழுவிவிடலாம்.

"சீட்டு என்கிட்டயே இருக்கட்டும்," என்றேன்.

"முட்டி?"

"பரவாயில்லை. பிள்ளைங்களுக்காக."

"இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைக்கும்," என்றாள் பூரணி, டீயைப் பார்த்துக்கொண்டு.

மலை மலையாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரத்தில் அதியன் நடக்க மாட்டேன் என்றான். தோளில் ஏற்றினேன். என் காதுகளைப் பிடித்துக்கொண்டு வலது, இடது என்று ஓட்டினான். எதிரே இறங்கி வந்த கிழவிகள் எல்லோரும் எனக்கு ஊக்கம் சொன்னார்கள். அவர்களுக்கு எண்பது இருக்கும். யாருக்கும் மூச்சு வாங்கவில்லை.

"அப்பா, நேத்து எங்க உக்காந்தீங்க?"

"உக்காரல. நேரா ஏறிட்டேன்."

"இப்ப ஏன் உக்காருறீங்க?"

"தம்பி கனக்கிறான்."

கோயில் வாசலை அடைந்தபோது என் சட்டையைப் பிழிந்தால் ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையும். அதியனை இறக்கிவிட்டு, சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தேடினேன். மணி இருந்தது. உண்டியல் இருந்தது. கல்லில் இரண்டு நாய்கள் இருந்தன. கோயிலைச் சுற்றி வந்தேன். மறுபடியும் சுற்றினேன். பக்தியில் சுற்றுகிறேன் என்று நினைத்து ஒரு பெரியவர் எனக்கு வழிவிட்டார்.

"என்னப்பா தேடுறீங்க?"

"சீல், கண்ணு. நேத்து இங்கதான் இருந்தது. எடுத்துட்டாங்க போல."

"அது கீழல்ல இருக்கு. ஸ்டேஷன்ல, டிக்கெட் போடற கேட்டுக்குப் பக்கத்துல, மேஜை மேல. நீங்க முகம் கழுவப் போனப்ப அம்மா காட்டினாங்க."

நான் உட்கார்ந்தேன். உட்கார அங்கே எதுவும் இல்லை. இருந்தாலும் உட்கார்ந்தேன்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"அம்மா மேல போய்ச் சொல்லச் சொன்னாங்க. சாப்பிட்டுட்டு வந்து நாமே குத்திக்கலாமாம். உங்க அழுமூஞ்சி ஆந்தை பக்கத்துல இடம் இருக்காம்."

"அப்ப எதுக்கு மேல வந்தோம்?"

"ஆந்தை பாக்க," என்றாள் நறுமுகை, இதுகூடத் தெரியாதா என்பது போல. "மலை மேல ஆந்தை இருக்குன்னாங்க. உங்க டப்பால."

பையில் மூன்று டப்பாக்கள். ஒன்றின் மேல் 'அப்பா' என்று எழுதி ஒட்டியிருந்தது. பால்கனியில் கோட்டு தட்டிய சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது. காக்காய்கள் மேல் இருந்த மரியாதை போயிற்று.

திறந்தேன். எலுமிச்சைச் சாதம். நடுவில், அவித்து மஞ்சள் பூசிய பாதி உருளைக்கிழங்கு. அதில் ஓர் ஆந்தை.

"இது சிரிக்குதுப்பா," என்றாள் நறுமுகை.

நன்றாகக் குனிந்து பார்த்தேன். நான் செதுக்கியது அல்ல. இதற்குக் காது அளவாக இருந்தது.