அனுமதியின்றிச் சூரியனைப் பயன்படுத்தியமை

மனித குலத்தை எண்ணெயின் பிடியிலிருந்து விடுவிக்கும் பொறுப்பு ஒரு காலத்தில் பலெர்மோ நகரத்து நான்கு மாடிக் கட்டடம் ஒன்றிடம்தான் இருந்தது. அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைத்தவன் நான். ஆகவே நான் சொல்வதை நீங்கள் நம்பலாம்.

'எண்ணெயிலிருந்து சூரியனுக்கு மாறுவதற்கான ஆணைக்குழு' என்பது எங்கள் கந்தோரின் பெயர். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் வரும். இத்தாலி தனக்கு வேண்டிய எண்ணெயைக் கப்பல் கப்பலாக இறக்குகிற நாடு. சிசிலியிலோ வெயில் கப்பல் இல்லாமலே இறங்குகிறது. இந்த இரண்டு செய்திகளையும் ஒரே கோப்பில் சேர்த்துக் கட்ட ஆணைக்குழுவுக்கு ஆறு வருடங்கள் பிடித்தன. அவசரப்பட்டுச் செய்கிற வேலையா இது?

தலைவர் தொத்தோர் கன்ஜேமி. பலெர்மோவில் படித்தவருக்கும், படித்தவர்போல் உடுத்தவருக்கும் 'தொத்தோர்' என்பதே பட்டம். இவர் எந்த வகை என்று நான் விசாரித்ததில்லை. 1991இல் பதவியேற்ற அன்றே, "சிசிலியில் சூரியன் உண்டா?" என்ற அடிப்படைக் கேள்வியை எழுப்பிய மேதை அவர். விசாரிக்க ஓர் உபகுழு அமைந்தது. உபகுழு யன்னல்களைச் சாத்தி, திரைகளை இழுத்துவிட்டு, குளிரூட்டியின் கீழ் மூன்று கோடைகாலம் கூடிக் கதைத்தது. கடைசியில் 'உண்டு எனக் கருதுவதற்கு இடமுண்டு' என்று இருநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை வந்தது. அந்தத் துணிச்சலைப் பாராட்டிப் பத்திரிகைகள் எழுதின.

அதற்கடுத்த வருடம் மொட்டைமாடியில், நீரைச் சூடாக்கும் தகடுகள் ஆறு பொருத்தப்பட்டன. நாடா வெட்டினார்கள். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். தகடுகளிலிருந்து புறப்பட்ட குழாய் மட்டும் தொட்டிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றுவிட்டது. அந்த ஒரு முழம் 'இரண்டாம் கட்டம்' என்று கோப்பில் இருந்தது. இரண்டாம் கட்டம் வரும்வரை, நிலக்கீழ் அறையில் இருந்த டீசல் கொதிகலன்தான் எங்களுக்குச் சுடுதண்ணீர் தந்தது. டீசலைத் தந்தவர் தொத்தோரின் மைத்துனர். குடும்பப் பாசம் மிகுந்தவர்.

என்னோடு துப்புரவு வேலை செய்தவர் சிவமலர். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவர், ஆகவே நான் 'ரீச்சர்' என்றுதான் கூப்பிடுவேன். நிலம் துடைக்கிற துணிகளைக் காயப்போட மொட்டைமாடிக்குப் போகும்போதெல்லாம் அந்த இடைவெளிக்கு முன்னால் நின்று பார்ப்பார்.

"அண்ணை, உது ஒரு முழப் பைப்தானே?"

"ரீச்சர், உது பைப் இல்லை. இரண்டாம் கட்டம்."

1997 ஜூனில் றோமிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஆணைக்குழுவுக்கு இன்னும் ஏழு வருடம் கொடுப்பதா என்று தீர்மானிக்கப் பரிசோதகர் ஒருவர், சிஞ்ஞோரா என்று அழைக்கவேண்டிய ஓர் அம்மையார், நேரில் வருகிறார். தொத்தோர் எல்லோரையும் கூட்டினார். எங்களையும் கதவோரம் நிற்க விட்டார்.

"சிஞ்ஞோரா சூரியச் சுடுநீரில் கை கழுவ விரும்புவார். ஆகவே சூரியச் சுடுநீர் வரவேண்டும்."

"எப்படி, தொத்தோர்?" என்று காரியதரிசி கேட்டாள்.

"எப்போதும் போல. காலை ஏழு மணிக்கு அரூலோ டீசல் கொதிகலனை மூட்டுவான்."

அரூலோ என்பது நான்தான். அருளையா என்ற பெயரை இத்தாலியர் வாயால் சொல்ல முடிவதில்லை.

ஆனால் பரிசோதகர் வருவதற்கு மூன்று நாள் முன்பு எண்ணெய்ப் பவுசர் சாரதிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். தீவு முழுவதும் டீசல் இல்லை. மைத்துனரும் கையை விரித்தார். பரிசோதகர் வருவதற்கு முதல்நாள் காலையில் தொத்தோர் தலையில் கைவைத்துக்கொண்டு அலறினார்:

"டீசல் இல்லாமல் சூரிய சக்தியை எப்படிக் காட்டுவது?"

காரியதரிசி அதைக் கூட்டக் குறிப்பில் ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதிக்கொண்டாள்.

மத்தியானம் சிவமலர் என்னை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். சாப்பாட்டு நேரத்தில் கபோ சந்தைப் பக்கம் ஓடிப்போய், இரும்புக் கடையில் சூடு தாங்கும் றப்பர் குழாய் ஒரு துண்டும் இரண்டு கிளிப்பும் வாங்கி வந்திருந்தார்.

"அண்ணை, உந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ."

"வேண்டாம், ரீச்சர். எனக்கு இஞ்சை இருக்கிற பெர்மெஸ்ஸோ முடியுது. தொத்தோர் வேலைக் கடிதம் தராட்டில் பொலிஸ் குவெஸ்தூராவிலை புதுப்பிக்க ஏலாது. பிறகு நாட்டை விட்டுப் போ எண்டுவாங்கள்."

"எனக்கும்தான் முடியுது. பிடியுங்கோ."

பிடித்தேன். இருபது நிமிடத்தில் 'இரண்டாம் கட்டம்' முடிந்தது. மூன்று மணிக்குக் கீழே போய்க் குழாயைத் திறந்து கையை நீட்டியவன் "ஐயோ!" என்று இழுத்துக்கொண்டேன். ரீச்சரும் நீட்டினார், அவரும் இழுத்துக்கொண்டார். இரண்டு பேரும் கழிவறை வாசலில் நின்று சிறு பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம். இந்த ஊருக்கு வந்து நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் பரிசோதகர் வந்தார். குழாயைத் திறந்து கையை நீட்டினார். ஆவி பறந்தது.

"இது உண்மையாகவே சூரியனா?"

நான் எங்கேயோ டீசல் திருடிவிட்டேன் என்று நம்பிய தொத்தோர் எனக்குக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "உண்மையாகவே, சிஞ்ஞோரா," என்றார்.

துரதிர்ஷ்டவசமாக அந்த அம்மையார் நேர்மையானவர். நிலக்கீழ் அறைக்கு இறங்கி, கொதிகலனின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்து கிடந்தது. மேலே வந்து தொத்தோரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். அம்மையாரின் கண் கலங்கியிருந்தது.

"தொத்தோர், நீங்கள் வென்றுவிட்டீர்கள்! இன்றைக்கே றோமுக்கு எழுதுகிறேன். ஆணைக்குழுவின் வேலை முடிந்தது."

"முடிந்ததா?"

"முழுதாக முடிந்தது. இனி ஆணைக்குழுவே தேவையில்லை."

தொத்தோர் பக்கத்தில் கதிரை இருக்கிறதா என்று பாராமலே உட்காரப் போனார். காரியதரிசி தாங்கிப் பிடித்தாள். ஆனால் பெரிய மனிதர்கள் விழுந்துகொண்டே யோசிப்பார்கள்.

"சிஞ்ஞோரா, இது வெற்றி அல்ல. விபத்து! அங்கீகாரம் பெறாத யாரோ, அங்கீகாரம் பெறாத குழாயால், அங்கீகாரம் பெறாத சூட்டை உள்ளே விட்டிருக்கிறார்கள். ஒருவருடைய கை வெந்துபோனால்?"

பரிசோதகர் தன் சிவந்த விரல்களைப் பார்த்தார்.

"அப்படியானால் செய்தவர் யார் என்று சாட்சியோடு எழுதித் தாருங்கள். இல்லாவிட்டால் மூடிவிடுவேன்."

பின்னேரம் தொத்தோர் என்னைத் தனியே அழைத்தார். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று குவெஸ்தூராவுக்கான என் வேலைக் கடிதம், அவர் கையெழுத்திட வேண்டியது. மற்றது நான் கையெழுத்திட வேண்டியது. அதன் தலைப்பு 'அனுமதியின்றிச் சூரியனைப் பயன்படுத்தியமை'. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பேனா.

"அரூலோ, குழாயைப் பொருத்தியது யார்?"

நான் உண்மை பேசுகிறவன். 'சிவமலர். என் கண்ணால் கண்டேன்,' என்று எழுதினேன். மற்றப் பக்கத்தைப் பிடித்தது யார் என்று எழுதத் தாளில் இடம் போதவில்லை.

அந்தக் கிழமையே ரீச்சரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். அவர் தன் செருப்பையும் தேத்தண்ணிக் கோப்பையையும் பையில் வைத்தார்.

"உங்கட கடிதம் கிடைச்சுதோ, அண்ணை?"

"ஓம், ரீச்சர்."

"நல்லது," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் காலத்தில் வயிறு அப்படித்தான் என்று வைத்துக்கொண்டேன்.

ஆணைக்குழுவுக்கு ஏழு வருடம் கிடைத்தது. 'சுடுநீரின் அபாயங்கள்' பற்றி ஆராயப் புதிதாக ஓர் உபகுழுவும் கிடைத்தது. வேலைநிறுத்தம் முடிந்து மைத்துனர் மீண்டும் வந்தார். எனக்கும் பதவி உயர்வு கிடைத்தது. இப்போது நான் 'கூரைப் பொறுப்பாளர்'. குழாயை வெட்டி எறிந்ததோடு என் கடமை முடியவில்லை. அந்த ஆறு தகடுகளும் விலை கூடியவை. வெயில் பட்டுப் பழுதாகிவிடக் கூடாது என்று தொத்தோர் கவலைப்பட்டதால், அவற்றின்மேல் தடித்த தறப்பாள் ஒன்றைப் போர்த்து நாலு மூலையும் கட்டிவைக்கிறேன். காற்றுக்கு அவிழ்ந்தால் திரும்பக் கட்டுகிறேன்.

செப்ரெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ரயிலேறிப் பகேரியாவுக்குப் போனேன். ரீச்சர் அங்கே வயதான விதவை ஒருவரின் வீட்டில் வேலை செய்கிறார். அந்த அம்மா கடிதம் கொடுத்து, ரீச்சரின் பெர்மெஸ்ஸோவும் சரிவந்துவிட்டது என்று கேள்விப்பட்டுத்தான் போக எனக்குக் கால் வந்தது. வீட்டு மாடியில் கறுப்புப் பெயின்ற் பூசிய பழைய பீப்பா ஒன்று வெயிலில் குந்தியிருந்தது. அதன் குழாயில்தான் கை கழுவினேன். சுட்டது. மன்னிப்புக் கேட்க வந்தவன், வாய் திறந்ததும் என் பதவி உயர்வைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன்.

ரீச்சர் துவாயை நீட்டியபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"அப்ப, தறப்பாள் கட்டிறது ஆர்?"

"நான்தான், ரீச்சர். காலமை ஒருக்காப் பாப்பன். பின்னேரமும் பாப்பன்."

"இறுக்கிக் கட்டிறனீங்களோ?"

"ஓம். நல்லா இறுக்கித்தான்."

அவர் துவாயைத் திரும்ப வாங்கி வெயிலில் காயப்போட்டார். பிறகு, பிள்ளைகளிடம் கேள்வி கேட்கிற அதே குரலில் கேட்டார்:

"ஊரிலை சண்டை நேரம் அரசாங்கம் எங்களுக்கு மண்ணெண்ணெயை மறிச்சது, அண்ணை. ஏனெண்டு எனக்கு விளங்கினது. அவங்களுக்கு நாங்கள் எதிரி. இஞ்சை நீங்கள் வெயிலையே மறிச்சுக் கட்டிறியள். உங்களுக்கு ஆர் எதிரி?"