கம்பவுண்டரின் ஏழு நாள் லீவு

மனுஷனுக்குக் காலை ஆண்டவன் எதற்காகப் படைத்தான் என்பதை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் எங்கள் கம்பவுண்டர்தான். மற்ற நாங்களெல்லாம் அதைச் செருப்பு மாட்டத்தான் வைத்திருந்தோம்.

தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த காலம். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுப்பவர் அவர். தென்காசிப் பக்கத்துக்காரர். உடம்பைப் பார்த்தால் அவருக்கே யாராவது மருந்து கொடுக்கவேண்டும்போல இருக்கும். எல்லாருக்கும் வருஷத்துக்கு ஏழு நாள் லீவு. நாங்கள் விழுந்தடித்து மலையிறங்கி, ஊரில் கோயில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ ஓடுவோம். அவர் மட்டும் அரைநாள் தொலைவில் இருக்கும் தேவிகுளம் ஏரிக்கரைக்குப் போவார். அங்கே பாலக்காட்டு ராவுத்தர் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு கயிற்றுக் கட்டில். அதில் தங்கி, தினமும் காலையில் ஒரு திசையாக நடந்து சாயங்காலம் திரும்புவார். அவ்வளவுதான் லீவு.

"நடக்கதுக்கு எதுக்குவே லீவு? இங்கயே நடக்கலாம்லா?" என்று கேட்டேன்.

"இங்க நடந்தா அது வேலை. அங்க நடந்தா சும்மா. நீரு என்னைக்காவது சும்மா நடந்திருக்கீரா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லைதான்.

வழிகாட்ட ஆள் வைத்துக்கொள்ளவும் மாட்டார். மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் கூலி வேண்டாம், சும்மா வருகிறோம் என்றாலும் கும்பிட்டு அனுப்பிவிடுவார். "அவன் கூட வந்தா அவன் கண்ணால பாக்கணும். நான் லீவு போட்டது என் கண்ணுக்குவே" என்பார். மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் தானே வரைந்த படம், எங்கேயோ வாங்கிய பழைய காம்பஸ், அட்டைப் பூச்சிக்குப் புகையிலைத் தண்ணீர், ஒரு குடை. இவைதான் துணை.

ஒரு வருஷம் நானும் கூடப் போனேன். காந்தலூர்ப் பக்கம் போகிறோம் என்றார். விடிந்ததும் கிளம்பினோம். ஏறினோம், இறங்கினோம், ஓடையில் விழுந்தோம். அட்டைகள் எங்களைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. காம்பஸை மணிக்கொரு தரம் பார்த்து, "கிழக்குதான்வே, கிழக்கேதான்" என்றார். பொழுது சாயும் நேரம் மூடுபனி விலகியது. கீழே தகதகவென்று ஓர் ஏரி!

"பாத்தீரா! எந்தப் படத்துலயும் இல்லாத ஏரி!"

மருந்துச் சீட்டில் அதை வரைந்து, பெயரும் எழுதிவிட்டார். இறங்கிப் போனால், கரையில் ஒரு மனிதர் சாக்கை உதறிக்கொண்டிருந்தார். ராவுத்தர்.

"ஏனுங்க கம்பவுண்டரே, காலையில முன்பக்கமாப் போனீங்க, இப்போ கொல்லைப்பக்கமா வர்றீங்க?"

காம்பஸை இரும்பு டப்பா மூடியில் ஒட்டிவைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நாள் முழுவதும் அது டப்பாவைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "ஏரிக்குப் பின்பக்கம்னு ஒண்ணு இருக்குல்லா? அதையும் பாக்கணும்லா?" என்று கைகால் கழுவப் போய்விட்டார். எஸ்டேட்டில் இந்தக் கதையைச் சொல்லி நான் ஒரு மாதம் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் அடுத்த மழைக்காலம் அப்படி வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டி, எங்கள் ரோடு சரிந்தது. குறுக்குப்பாதைகளும் போயின. அரிசிக் கிடங்கு மண்ணுக்குள். தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு மேலே மலை விரிசல் விட்டிருந்தது. அறுபது பேர், அதில் நிறைமாதக்காரி ஒருத்தி. கங்காணிகள் நாலு பக்கமும் போய், வழியில்லை என்று திரும்பினார்கள்.

கம்பவுண்டர் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டுக் குடையோடு வந்தார். "ஏரிக்கரைக்குப் போவோம். எல்லாரும் என் பின்னால வாங்க."

என்னைப் பார்த்துச் சிலர் கண்ணடித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு அவர் காம்பஸை வெளியில் எடுக்கவே இல்லை. நிறைமாதக்காரியைக் கம்பளித் தூளியில் நாலு பேர் தூக்கினோம். பாறை இடுக்கு, மூங்கில் புதர், பன்றி போகும் தடம் என்று எங்கெங்கோ நுழைந்தார். மழையில் முன்னால் போகிறவர் முதுகுகூடத் தெரியவில்லை. பாதி வழியில் பெரிய கங்காணிக்குப் பொறுக்கவில்லை.

"அய்யா, பிள்ளை குட்டியோட வாரோம். இது சரியான வழிதானா?"

கம்பவுண்டர் நின்றார்.

"சரியான வழியெல்லாம் மண்ணுக்குள்ள போயிட்டுய்யா. இது தப்பான வழி. இதுல நான் நாலு தடவை வந்திருக்கேன்."

வழி தவறிய ஒவ்வொரு இடத்தையும் அந்த மனிதர் மனப்பாடமாக வைத்திருந்தார். எங்கே ஓடை ஆழம், எங்கே பாறை வழுக்கும், எந்தச் சரிவு எங்கே கொண்டுபோய் விடும், எல்லாம். பொழுதிருக்கவே ஏரி தெரிந்தது. அறுபது பேரையும் எண்ணிப் பார்த்தேன், அறுபது. ராவுத்தர் கேள்வியே கேட்காமல் அண்டாவை அடுப்பில் ஏற்றினார். மறுநாள் அரிசி மூட்டைகளுக்கு நடுவே, அதே கயிற்றுக் கட்டிலில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி அறுத்தவர் கம்பவுண்டர்.

பிறகு எஸ்டேட் மானேஜரான பெரிய துரை அவரைக் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார். லீவை எட்டு நாளாக்கச் சொன்னார் மனிதர்!

நான் பிற்பாடு எத்தனையோ உத்தியோகம் பார்த்தேன். மாலை மரியாதைகூட நடந்தது. ஆனாலும் புதிதாக யாராவது நீங்கள் யார் என்று கேட்டால், கம்பவுண்டரோடு நடந்தவன் என்றுதான் முதலில் சொல்ல வருகிறது.