மச்சான் காரில் நான் போட்ட கோலம்

தோற்பதாக இருந்தால் தெரியாத ஊரில் தோற்க வேண்டும். மனைவியின் அண்ணன் வீட்டு வாசலில் தோற்றவனுக்கு ஆயுளுக்கும் விடுதலை கிடையாது. நான் தோற்றது அங்கேதான். பர்கூரில், நிச்சயதார்த்தத்துக்குக் கூடியிருந்த இரண்டு மாநிலத்தார் முன்னிலையில்.

ஓசூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஒரு கோடையில் கார் துடைக்கும் கடை போட்டேன். (கழுவும் கடை இல்லை, துடைக்கும் கடை.) போர்வெல்கள் வறண்டு, லாரித் தண்ணீருக்குத் தெருவே குடங்களோடு காத்துக் கிடந்த காலம். திரவத்தைத் தெளி, மெத்தென்ற துணியால் ஒரே திசையில் துடை, துணியை மடித்துப் புதுப் பக்கத்தை எடு. அவ்வளவுதான். 'ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல்!' என்று போர்டு வைத்தேன். நின்று படித்தவர்கள் ஏராளம். காரை உள்ளே விட்டவர்கள் சொற்பம். வீட்டில் பிலோமினா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

அவள் அண்ணன் அந்தோணிக்கு இரக்கம் வந்துவிட்டது. (கோபம் வந்திருந்தால் பிழைத்திருப்பேன்.) அவர் மகளைக் கட்டப்போகும் பையன் கர்நாடகத்தில் ஆனேக்கல் பக்கம். பையனின் அப்பா டிராவல்ஸ் வைத்திருந்தார்.

"மாப்ள, நிச்சயத்தன்னிக்கு சம்பந்தி கண்ணு முன்னாடி என் வண்டியத் தொடச்சுக் காட்டு. புடிச்சிப்போச்சுன்னா அவரு வண்டி அத்தனையும் உன் கடைக்குத்தான். இல்லன்னு வெய்யி, பழையபடி கம்பெனி கேட்டுல போயி நில்லு."

நிச்சயத்தன்று காலை, குறுக்கு வழி என்று குவாரிப் பாதையில் புகுந்து, அந்தக் கறுப்புக் காரிலேயே பிரியாணி மாஸ்டரை ஏற்றி வந்திருந்தார் மச்சான். பந்தலுக்குள் நின்ற கார் முழுக்கக் கிரானைட் தூள். சீரியல் பல்பு வெளிச்சத்தில் அது மினுமினுத்தது. கவிதை எழுதும் கெட்ட பழக்கம் உள்ள எனக்கு நட்சத்திரங்களை அரைத்துத் தூவியதுபோல் தெரிந்தது. கார் துடைக்கிறவனுக்கு அது உப்புத்தாளாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பிலோமினாவுக்குத் தெரிந்தது. அருகில் வந்து கிசுகிசுத்தாள்.

"ஏங்க, ரெண்டு கொடம் தண்ணி ஊத்திட்டு அப்புறம் தொடைங்க. கல்லுத் தூளுங்க அது."

"போர்டுல என்ன எழுதியிருக்கேன்?"

"போர்டு ஓசூர்ல இருக்குது. வண்டி இங்க இருக்குது."

அதற்குள் சம்பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார். "நீரு பேட்வா?" என்றார் சந்தேகமாக.

"பேடா சார், பேடவே பேடா!" என்றேன். எனக்குத் தெரிந்த கன்னடம் முழுவதையும் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லவே செலவழித்தேன்.

தெளித்தேன். துடைத்தேன். துணிக்கடியில் நறநறவென்று ஒரு சத்தம். அழுக்கு அலறிக்கொண்டு ஓடுகிறது என்று நினைத்தேன். யாரோ கை தட்டினார்கள். தட்டியதும் ஒரே திசை மறந்துபோய், வட்டம் வட்டமாகச் சுழன்றது கை. பந்தல் நிழலில் கார் இரவுக் கிணறுபோல் பளபளத்தது. சம்பந்தி எழுந்து வந்து தோளில் தட்டினார். பிலோமினா, வெகுநாள் கழித்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு கதை முடிந்திருக்கலாம். மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை. போட்டோ எடுக்கவென்று காரை வெயிலுக்கு ஓட்டிப்போனார்.

பானெட், கதவு, கூரை என்று எங்கு பார்த்தாலும் வட்டம் வட்டமாய்க் கீறல். சிலந்திகள் கூடித் திருவிழா நடத்தியதுபோல் இருந்தது. சம்பந்தி குனிந்து ஒரு விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, நான் தப்பாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாதே என்று தமிழிலேயே சொன்னார்.

"நம்ம வண்டிங்கள நாமளே கழுவிக்கிறோம், சார்."

"ஏன் மாப்ள, பொண்ணு வீடுன்னு கோலம் போட்டியா?" என்றார் மச்சான்.

திரும்பிப் பார்த்தேன். பிலோமினா உள்ளே போயிருந்தாள்.

கடையை மூடிவிட்டு மறுபடியும் கம்பெனிக்குப் போனேன், கான்ட்ராக்ட் ஆளாக. அங்கே நான் தொழில் கற்றுக்கொடுத்தவனே இப்போது எனக்கு சூப்பர்வைசர். மச்சான் இன்றுவரை அந்தக் காருக்குப் பாலிஷ் போடவில்லை. எந்த விசேஷத்துக்கு வந்தாலும், பக்கத்தில் மரநிழல் இருந்தாலும், தேடிப்போய் வெயிலில் நிறுத்துகிறார்.

பந்தியில் தண்ணீர் பரிமாறுகிறவர்கள் என் இலையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "மாமாவுக்குத் தண்ணி ஆவாதுங்க" என்கிறாள், அன்று நிச்சயமான அதே பெண். ஆனேக்கல்காரர்களும் சிரிக்கிறார்கள். இந்த ஒன்றை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. சாப்பிட்டு எழுந்து எல்லோரும் குழாயடிக்குப் போகையில், மச்சான் துண்டை நீட்டுகிறார்.

"உனக்கெதுக்கு மாப்ள கொழாயி? தொடச்சிக்க."

நானும் சிரித்துக்கொண்டே வாங்கித் துடைக்கிறேன். ஒரே திசையில்.