அடையாறில் நான் ஜெர்மனியில் ஓட்டினேன்

வெளிநாட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவனை ஆறு மாதத்துக்கு நம்பக்கூடாது. நானே அப்படி வந்தவன். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

ஆழ்வார்பேட்டையில் கார் முகப்பு விளக்கு செய்யும் கம்பெனி ஒன்றில் அப்போது நான் தற்காலிக இன்ஜினியர். பயிற்சிக்காக ஜெர்மனி போய், கார் ஓட்டுவதையும் அங்கேயே பழகிக்கொண்டு (அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும்) திரும்பியிருந்தேன். எங்கள் விளக்கு சர்வதேசத் தரத்தில் இருக்கிறதா என்று சோதிக்க ஒரு ஜெர்மானியரும் ஒரு பிரெஞ்சு அம்மணியும் வந்தார்கள். அடையாறு விடுதியிலிருந்து அவர்களை அழைத்து வருவது என் பொறுப்பு.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் உனக்கு வேலை நிரந்தரம். மொதல் காரைக் கண்டுபிடிச்சது எந்த நாடுன்னு மட்டும் பேச்செடுத்துடாதே. போன தடவை அதுலயே ஒரு நாள் போச்சு" என்றார் மேனேஜர்.

பேசாதே என்றால் பேசுவதுதானே என் வாய்! காரில் ஏறியதுமே, "முதல் கார் உங்களுடையதுதானே?" என்று ஜெர்மானியரைக் குளிர்வித்தேன்.

"அதற்கு முன்பே எங்கள் நீராவி வண்டி ஓடிவிட்டது" என்றார் அம்மணி.

"அது வண்டியா? சக்கரம் வைத்த வெந்நீர் அண்டா!" என்றார் ஜெர்மானியர். (எல்லாம் இங்கிலீஷில்தான்.)

பின்சீட்டில் போர் மூண்டது. சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று, "உலகமே ஒரே பக்கம் ஓட்டினால் சண்டையே வராது" எனத் தத்துவம் பேசிக்கொண்டே மெயின் ரோட்டில் திரும்பினேன். ஜெர்மனிப் பழக்கம், வலது ஓரத்தில் திரும்பிவிட்டேன். நடுவில் தடுப்புச் சுவர். எதிரே மாநகரப் பஸ்!

வேலை போச்சுடா சாமி என்று பிரேக்கை மிதித்தேன்.

ஓர் ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். "இன்னா சார், ஊருக்குப் புச்சா? பயப்டாத, நான் திருப்பி வுட்றேன்."

பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று ஒரு கையைத் தூக்கினார். அவ்வளவுதான், பஸ் நின்றது. மீன் கூடையோடு நின்றிருந்த ஓர் அம்மா, "யோவ், பின்னால போய்யா! உள்ள இருக்கறவங்க பயந்துகினு கீறாங்க!" என்று குரல் கொடுக்க, தண்ணீர் லாரி பின்வாங்கியது. பைக்குகள் ஒதுங்கின. சிக்னல் இல்லை, போலீஸ் இல்லை, காரில் ஒரு கீறல்கூட இல்லை. யாரோ ஒரு மடையனுக்காக அத்தனை பெரிய ரோடும் நகர்ந்து வழிவிட்டதை வாய் பிளந்து பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. வண்டியைத் திருப்பிக்கொண்டு சரியான பக்கம் வந்து சேர்ந்தேன்.

"இது எந்தத் தர விதிப்படி நடந்தது?" என்று ஜெர்மானியர் மெல்லக் கேட்டார்.

"எங்கேயும் எழுதி வைக்கவில்லை சார்."

"இதைப் பிரான்ஸால் கண்டுபிடித்திருக்க முடியாது" என்றார் அம்மணி.

"ஜெர்மனியாலும் முடியாது" என்றார் அவர்.

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வேலை நிரந்தரமானது. ஆனால் அறிக்கையின் கடைசி வரியை இரண்டு நாடுகளும் சேர்ந்து எழுதியிருந்தன: "விளக்கு தரமானது. ஓட்டியவர் எந்த நாட்டுத் தரத்துக்கும் பொருந்தவில்லை."

அதை மேனேஜர் பிரதி எடுத்து என் கல்யாணத்தில் பரிசாகக் கொடுத்தார் (படுபாவி!). மனைவி சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். இப்போதும் நான் கார் சாவியைத் தொட்டால் போதும், என் மகள் கேட்பாள்:

"அப்பா, இன்னிக்கு எந்த நாட்டுல ஓட்டப் போறீங்க?"