டயருக்குக் காய்ச்சல் பார்த்தவர்

இரத்தினபுரி மாவட்டத்தில் பெய்கிற மழை முழுவதையும் தனக்கு எதிரான சொந்த விரோதமாக எடுத்துக்கொண்ட மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் காய்ச்சல்காரர். தோட்ட ஆபீஸ் பதிவில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதைத் தினமும் எழுதிய கிளாக்கரான எனக்கே அது அடிக்கடி மறந்துபோகும்.

கொடகவெலயிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம். அங்கே வருஷத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் மழை வரப்போகிற இருட்டு. ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையர்தான் காய்ச்சல்காரரின் வேலை. பகலெல்லாம் வெக்கையில் வேகிறவர், வெளியே வந்ததும் தன் பழைய மோட்டார் சைக்கிளின் முன்னால் குந்துவார். பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோலப் புறங்கையை டயரில் வைப்பார். கண்ணை மூடுவார். பிறகு உதட்டைப் பிதுக்குவார்.

"குளுருதுங்க இதுக்கு. இப்ப எடுத்தா வழுக்கிரும்."

பெயர் வந்த கதை இவ்வளவுதான்.

டயரோடு விட்டாரா? ரோட்டையும் தொட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, தாரில் உள்ளங்கையைத் தேய்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு நடக்கும் பெண்கள் அவரை முந்திக்கொண்டு போவார்கள். "என்னா அண்ணே, ரோட்டுக்கு எத்தன டிகிரி?" என்று கேட்டுவிட்டும் போவார்கள். அவர் பதில் சொல்வார்: "பேசாம போங்கடி, பாசி புடிச்சிருக்கு!"

கொடகவெல டயர் கடையில் ஒரு தரம் புது டயர் போட்டார். போட்ட கையோடு அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்து செங்கல்லால் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். கடை முதலாளிக்கு நெஞ்சு வலியே வந்துவிட்டது. "மேயாட்ட பிஸ்ஸு!" என்று தலையில் அடித்துக்கொண்டார். இந்த ஆளுக்குப் பைத்தியம் என்று தெருவுக்கே கேட்டது. காய்ச்சல்காரர் சிங்களத்திலேயே அமைதியாக விளக்கினார்: புது டயரில் மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்பு இருக்கும், அது போகாமல் ஈரத்தில் பிடிக்காது. சொன்னது சரிதான். ஆனால் செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் யார் நம்புவார்கள்?

நானும் நம்பவில்லை. ஒரு நாள் அடைமழையில் கோயில் வளைவில் பிரேக்கை அழுத்தினேன். வண்டி ஒரு பக்கம், நான் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள். அந்த வழியாக வந்த காய்ச்சல்காரர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். என்னைத் தாண்டி ஓடினார். போய் என் டயரைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணே, நான் இங்க கெடக்குறேன்!"

"இருங்கய்யா." நிதானமாகத் திரும்பி வந்து கையைக் கொடுத்தார். "டயரு நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் பயந்துட்டீங்க. பயந்தா கை இறுகிரும். கை இறுகுனா எந்த டயரும் நிக்காதுங்க."

இதைச் சொல்லும்போது அவர் முகம் செத்துப்போயிருந்தது. ஏன் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

அவருடைய மனைவி மருதாயி அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் இரத்தினபுரி பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். கொடகவெலயிலிருந்து பஸ் உண்டு. ஆனால் கொடகவெலக்கு இறங்குவதுதான் வினை. மண் சரிந்து ரோட்டில் ஓரிடம் பாதியாகிவிட்டது. த்ரீவீல் போகாது, பைக் மட்டும்தான் போகும். ஒரு மழை நாளில் அக்கா பின்னால் உட்கார்ந்திருக்க, இவர் பயந்து பிரேக்கை இறுக்க, வண்டி வழுக்கி இரண்டு பேரும் விழுந்தார்கள். ஊசி குத்துகிற கையிலேயே அக்காவுக்கு அடி. அதோடு அக்கா மழையில் பைக்கில் ஏறமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"தொட்டா பொணம் மாதிரி சில்லுனு இருக்கு இந்த டயரு. நான் வீட்டுலயே சாவுறேன், போங்க."

இரண்டு தடவை போகவில்லை. முகம் ஊதி, மூச்சு வாங்கியது. இன்னொரு தடவை தப்பினால் ஆளே தப்பாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் காய்ச்சல்காரருக்கு அந்த யோசனை வந்தது. ஆஸ்பத்திரி நாட்களில் விடியற்காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஃபேக்டரிக்குள் போவார். டிரையருக்குப் பக்கத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிக் காட்டுவார். டயர் சுட்டதும் சாக்கைச் சுற்றி தன் லயத்து வீட்டுக்கு ஓட்டமாகத் தள்ளிப் போவார். அக்கா வெளியே வந்து தொட்டுப் பார்ப்பார். சூடு இருக்கும். ஏறிக்கொள்வார்.

ஒரு நாள் நான் பொறுக்காமல் கேட்டேன்: "அண்ணே, இந்த மழையில அந்தச் சூடு மொத மதகு வரைக்குமாவது நிக்குமா?"

"நிக்காதுங்க."

"பின்ன எதுக்கு இந்தப் பாடு?"

"அவ ஏறி உக்காரணுமே. அதுக்குப் போதும்ங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

தேயிலை வாயை மூடவில்லை. அது பக்கத்தில் எதை வைத்தாலும் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும் சாமான். கொழும்பில் ருசி பார்க்கிறவரிடமிருந்து கடிதம் வந்தது: உங்கள் தேயிலையில் ரப்பர் நாற்றம். ஃபேக்டரிப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் ஐயா ஆடிப்போனார். ஃபேக்டரி முழுவதையும் மோந்து பார்த்தார். ஆட்களின் செருப்பை மோந்தார், என் சாப்பாட்டுப் பெட்டியை மோந்தார், தேயிலை வளர்ப்பு சொல்லிக்கொடுக்க வந்துபோன போதனாசிரியரின் ரெயின்கோட்டைக்கூட விடவில்லை. கடைசியில் டிரையருக்குப் பக்கத்துச் சிமெந்துத் தரையில் டயரின் பூ வரி, செங்கல் கீறலோடு, கறுப்பாக அச்சடித்தாற்போல் கிடந்தது. தோட்டத்தில் செங்கல்லால் தேய்த்த டயர் ஒன்றுதானே உண்டு!

தோட்டத்து மேனேஜர் துரை கூப்பிட்டுக் கத்தினார். இனி ஃபேக்டரிக்குள் வண்டி வந்தால் வேலை போகும் என்று எழுத்தில் கொடுக்கச் சொன்னார். அந்தக் கடிதத்தை டைப் அடித்தது நான்தான். அவர் பெயரை அன்றைக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தேன். அடித்த கை எனக்கே பிடிக்கவில்லை. காய்ச்சல்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாளன்னைக்கு ஆஸ்பத்திரிங்க," என்று மட்டும் சொன்னார்.

மருதாயி அக்கா இப்போது இல்லை. அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் இருந்தார். அந்த இரண்டு மழைக்காலமும் எப்படிக் கிடைத்தன என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆஸ்பத்திரி நாளில் விடியும்போதே கொட்டித் தள்ளியது. மனசு கேட்காமல் நான் குடையை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். காய்ச்சல்காரர் வண்டியின் பக்கத்தில் குந்தியிருந்தார். அடுப்பில் காய்ச்சிய வெந்நீரை டயரில் ஊற்றி, சாக்கால் பரபரவென்று தேய்த்தார். ஊற்ற ஊற்ற மழை கழுவிக்கொண்டு போனது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏறமாட்டாய்யா. இன்னைக்கு ஏறமாட்டா."

கதவு திறந்தது. அக்கா தலையில் பொலித்தீனைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். முகம் ஊதி, கண் சின்னதாகிவிட்டிருந்தது. மெதுவாகக் குனிந்து டயரில் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே புருஷனின் நனைந்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்ல சூடா இருக்குங்க. போன வாரத்தவிடக் கூட. கெளம்புங்க, பஸ் போயிரும்."

ஏறி உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வண்டியைத் தாங்குகிறதுபோல நானும் டயரைத் தொட்டேன். மலையிலிருந்து கொட்டுகிற பீலித் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. காய்ச்சல்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிக்கரை மிதித்தார்.

குடையைப் பிடிக்க மறந்து அங்கேயே நின்றேன். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நேரில் சொல்ல வாய் வராததால், இங்கே எழுதி வைக்கிறேன்.