செங்கவசன் வியர்த்த படலம்

வாழ்க, குளிர்பெட்டிகளின் குலக்காவலன்! வாழ்க, கம்ப்ரசரின் உறுமலில் காது வைத்தே அதன் நோய் சொல்லும் கலைவல்லோன்! கொடுங்கோடையில் ஐஸ் உறையாத வீடுகள்தோறும் ஸ்பேனர் ஏந்திப் பாய்ந்து, பாலைத் திரித்துக் கீரையை வாட்டிய வெப்பமென்னும் அரக்கனைப் புறமுதுகிட்டு ஓடச் செய்தவன், முன்னேறிச் செல்லும் வழுக்கையும் பின்வாங்காத தொப்பையும் வாய்த்தவன், நம் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வாழ்க! அவன் தன் வீட்டு முன்னறையில், ஒரு சாண் உயரப் பொம்மை ஒன்றைக் காக்க நடத்திய பெரும்போரைச் சொல்லப் புகுகின்றோம். கேட்போர் தம் சிரிப்பைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு உள்ளே வருக.

பொம்மையின் பெயர் செங்கவசன். குருதிச் சிவப்பில் மார்புக்கவசம், வலக்கையில் இரட்டைவாய்க் கோடரி, தோளிலிருந்து கணுக்கால்வரை தவழும் மெத்தென்ற நீலப் போர்வை, தொட்ட இடமெல்லாம் மடங்கும் மூட்டுகள். மெக்கானிக்கின் அண்ணன் தன் முதல் சம்பளத்தில் ஆசை ஆசையாய் வாங்கிய வீரன் அவன். கடல் கடந்த வேலைக்கு விமானம் ஏறிய அன்று, வேறு நம்பகமான கை அகப்படாத காரணத்தால், அண்ணன் அவனைத் தம்பியிடம் ஒப்படைத்தான். அப்போது அவன் திருவாய் மலர்ந்தது இது: "உங்கிட்ட ஒரு பொருளக் குடுத்தா உருப்படாதுடா. இதையாவது முழுசா வை."

அண்ணனின் சைக்கிள் பெல்லும், வாக்மேனும், கல்யாண ஆல்பத்தின் மேலட்டையும் தம்பியின் கைபட்டு முன்னரே வீரமரணம் எய்தியிருந்ததை வரலாறு மறைக்காது. ஆயினும், ஊரார் பொருளையெல்லாம் உருப்பட வைத்தே வயிறு வளர்ப்பவனுக்கு, அந்த ஒரு சொல் நெஞ்சில் தைத்த ஆணியாயிற்று. செங்கவசன் முழுசாகத் திரும்பினால் ஆணி கழலும். இல்லையேல், ஆயுள் முழுதும் அது அங்கேயே துருப்பிடிக்கும்.

முதற்பகைவன் சூரியன். முன்னறை ஜன்னல் வழியே தினமும் படையெடுத்து வரும் அவனிடம், கண்ணுக்குப் புலப்படாத கூரிய கதிர்கள் உண்டு. பிளாஸ்டிக் என்பது உண்மையில் கைகோத்து நிற்கும் நெடுஞ்சங்கிலிகளின் கூட்டம். அக்கதிர்கள் அச்சங்கிலிகளைக் கண்ணி கண்ணியாக அறுக்கும். வெள்ளை பழுக்கும், சிவப்பு வெளிறும், உறுதியானது ஒருநாள் பிஸ்கட்டாய் நொறுங்கும். இதை உணர்ந்த நம் நாயகன், மலைக்குகை வாயிலில் பாறையை உருட்டுவான்போல், கனத்த பழுப்புத் திரையை ஜன்னலில் இழுத்துவிட்டான். அதே ஜன்னலடியில்தான் அவன் மனைவியின் தையல் மெஷின் இருந்தது.

"ஏங்க, நான் என்ன வௌவாலா? ஊசில நூல் கோக்க வேண்டாமா?"

"செங்கவசன் மேல வெயில் படுதும்மா."

"என் மேல படலியேன்னு யாராச்சும் கவலப்படறீங்களா இந்த வீட்ல?"

திரைப்போர் பல காலம் நிகழ்ந்தது. முடிவில், திரை திறந்திருக்கும், வீரன் நின்ற கண்ணாடி அலமாரியின் ஜன்னல்பக்கத்தில் மட்டும் பழுப்புத் தாள் ஒட்டப்படும் என்ற உடன்படிக்கையால் இரு தரப்பும் மானத்தோடு பின்வாங்கின.

இரண்டாம் பகைவன் தூசி. முரசின்றிச் சங்கின்றி, எண்ணற்ற சேனையாய், மிதந்தே வருபவன். மூட்டுகளின் இடுக்கில் புகுந்து, ஒவ்வோர் அசைவிலும் உப்புத்தாள்போல் பெயின்ட்டைத் தேய்ப்பவன். இவனுக்கெதிராகத்தான் மெக்கானிக் தன் தொழிலின் உச்ச அஸ்திரத்தை எடுத்தான். ஃப்ரிட்ஜ் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை இருக்குமே, கேஸ்கட் என்பார்கள், அதன் வயிற்றுக்குள் மெல்லிய காந்தம் படுத்திருக்கும். கதவு அருகில் வந்ததும் அது இரும்பைக் கவ்வ, ரப்பர் நசுங்கி, ஊசிமுனைக் காற்றும் உள்ளே போக வழியின்றி அடைபடும். செத்துப்போன ஃப்ரிட்ஜ் ஒன்றிலிருந்து அப்பட்டையை உரித்து, அலமாரிக் கதவில் பதித்து, எதிரே தகரம் அடித்தான் அவன். போதாதென்று, புதுச் செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சும் மணிப் பொட்டலங்களைத் தெரிந்த கடைகளிலெல்லாம் கேட்டு வாங்கி, வீரனின் காலடியில் மணல்மூட்டை அரணாய் அடுக்கினான். "டப்" என்று கதவு கவ்விக்கொண்ட அந்நொடியில் முழங்கினான்:

"நாசம் என்பது வெளியிலிருந்தே வரும்! வாயிலை அடைத்தவன் காலத்தை வென்றான்! இனி இக்கதவை எவர் திறப்பினும் அவர் என் பகைவர்!"

"சரிங்க, சாப்பிட வாங்க" என்றாள் மனைவி.

ஆண்டுகள் கடந்தன. கண்ணாடிக்குள் செங்கவசன் கோடரி ஓங்கியபடி நின்றான். பழுப்புத் தாளின் நிழலில் அவன் மேனி மெல்ல மினுங்குவதைப் பளபளப்பென்று எண்ணி மெக்கானிக் பூரித்தான். பிறகு அண்ணனின் போன் வந்தது. "அடுத்த மாசம் வர்றேன்டா. என் பொம்ம இருக்கா, இல்ல அதுவும் போயிடுச்சா?"

வெற்றிச் சிரிப்போடு கதவைத் திறந்தான் நாயகன். புதுக் குடையைப் பிரித்தாற்போல் ஒரு நெடி முகத்தில் அறைந்தது. வீரனைத் தொட்டான். தொட்ட விரல் வர மறுத்தது. ஐயகோ! மார்பிலும் தோளிலும் போர்வையிலும், பலாச்சுளை உரித்த கைபோல் ஒரு பிசுபிசுப்பு! எந்தப் பகையும் தீண்டாத மாவீரன், தன் கோட்டைக்குள்ளேயே வியர்த்து நின்றான்!

பழைய பனியனால் துடைத்தான் மெக்கானிக். பனியனின் பஞ்செல்லாம் வீரன்மேல் ஒட்டி, உடனடியாக அவனுக்கு முதுமை எய்திற்று. பஞ்சை மறைக்க முகப்பவுடர் தூவினான். செங்கவசன் வெண்கவசனானான். மனம் கலங்கிய நாயகன், தொழில் கற்பித்த ஒரே முடிவுக்கு மீண்டும் வந்தான்: எங்கேயோ காற்று புகுந்திருக்கிறது! பட்டைக்குமேல் பட்டை பதித்தான், மூலைகளில் பசை பிதுக்கினான், பொட்டலங்களை இரட்டித்தான். யானைப்படை சூழ்ந்த நகர்போல் முன்னிலும் இறுக்கமாக அடைத்துவிட்டு, வாரக் கடைசியில் திறந்து பார்த்தான். பவுடர் களிம்பாகியிருந்தது. கோடரி கையோடு ஒட்டியிருந்தது.

தரையில் அமர்ந்துவிட்டான் மாவீரன். அண்ணன் சிரிக்கப்போகும் சிரிப்பு, வருவதற்கு முன்பே அறையெங்கும் எதிரொலித்தது. தையல் மெஷினை நிறுத்தி எழுந்து வந்த மனைவி, அலமாரிக்குள் மூக்கை நீட்டி, முகத்தைச் சுளித்தாள்.

"ஊர்ல எல்லாருக்கும் என்ன சொல்றீங்க? ஓடாத ஃப்ரிட்ஜ மூடி வைக்காதீங்க, உள்ளயே புழுங்கி நாறிடும், கதவு நடுவுல துணியாச்சும் மடிச்சு வைங்கன்னு சொல்றீங்கல்ல?"

"ஆமா."

"இது மட்டும் ஓடற ஃப்ரிட்ஜா?"

மின்னல் தாக்கிய மலைபோல் ஆடினான் நாயகன். உண்மை அதுவே. போர்வைபோல் மெத்தென்றிருக்கும் பிளாஸ்டிக், பிறவியிலேயே மெத்தென்றிருப்பதில்லை. கெட்டியான ஒன்றில் எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலந்து, அதன் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்படி பழக்கியிருப்பார்கள். அவ்வெண்ணெய் காலமெல்லாம் மெல்ல மெல்ல மேலே கசியும். காற்றோட்டம் இருந்தால் துளித்துளியாய் அகன்றுபோகும்; யாருக்கும் தெரியாது. அடைத்து வைத்தாலோ, போக்கிடமின்றி வீரன் மேனியிலேயே படிந்து பிசினாகும். ஈரமுறிஞ்சும் மணிகளுக்கு நீர்தான் தெரியும், எண்ணெய் தெரியாது. எந்தக் கோட்டையை அவன் கட்டினானோ, அந்தக் கோட்டைதான் பகைவன்!

அக்கணமே திருமஞ்சனம் தொடங்கிற்று. வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரே சொட்டு. மனைவி தியாகம் செய்த மென்மயிர் பல்துலக்கி. தேய்க்காமல், வருடி, மூட்டு மூட்டாக. கோடை வெப்பத்தில் கால் இளகிச் சற்றே சாய்ந்திருந்த வீரனை, காலை மட்டும் சுடுநீரில் நனைத்து நிமிர்த்தி, உடனே குளிர்நீரில் ஆழ்த்தி, நிமிர்ந்தவாறே உறையவைத்தான். ஃபேன் காற்றில், நிழலில், தையல் மெஷினின் மேல் உலர்ந்த செங்கவசன் மீண்டும் செங்கவசனாய் ஜொலித்தான். பட்டைகள் உரிக்கப்பட்டன. பொட்டலங்கள் குப்பைக்குப் போயின. கதவின் இடுக்கில், வாடிக்கையாளர் வீடுகளில் வைக்கச் சொல்வதுபோலவே, மடித்த துணி ஒன்று வைக்கப்பட்டது. அவ்வழியே காற்று, அழைக்கப்பட்ட விருந்தாளியாய், வந்தும் போயும் இருந்தது. கதவை இனி தொடுவதில்லை என்ற விரதம் மட்டும் மாறவில்லை. கைபட்டுக் கெட்டதெல்லாம் போதும் என்று நாயகன், கண்ணாடிக்கு இப்பால் நின்றே நாள்தோறும் தரிசித்தான்.

வந்தது அந்த நாள். பெட்டிகள் இறங்கின, குசலங்கள் முடிந்தன, காபி ஆறிற்று. மனைவி ஊசியில் நூல் கோப்பதை நிறுத்த, தெருவின் ஹாரன்களும் ஒருகணம் மௌனிக்க, சூரியனை வென்றவனும், தன் கோட்டையைத் தானே தகர்த்தவனும், சைக்கிள் பெல் முதல் ஆல்பம் வரை அத்தனை பழியையும் ஒரே வீச்சில் கழுவ நின்றவனுமாகிய நம் நாயகன், கதவைத் திறந்து, இரு கைகளிலும் செங்கவசனை ஏந்தி, முழுசாக, ஒரு கீறலின்றி, நிமிர்ந்த காலும் ஓங்கிய கோடரியுமாக, அண்ணன் முன் நீட்டினான்.

அண்ணன் அதை வாங்கி, உஃப் என்று ஊதிவிட்டு, "தூசியக்கூட தட்ட மாட்டியாடா?" என்றான்.